ஆரஞ்சு வந்த வழியே

பெட்டி இறக்குவதற்காக யாரும் இத்தாலிக்குப் போவதில்லை. நான் போனது அப்படித்தான் ஆகிவிட்டது.

ரெஜியோ எமிலியா ரயில் நிலையத்தில் இறங்கும்போது மாலை ஐந்தரை. பிப்ரவரி மாதத்து மூடுபனியில் எதிர்ப் பிளாட்பாரத்து ஆட்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். அழைத்துப்போக வந்த நண்பர் சாவகச்சேரிக்காரர். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளியல், சுடச்சுடப் புட்டு என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கார் ஒரு மாதா கோவிலின் பின்வாசலில் போய் நின்றது.

"சாப்பாடு பிறகு, அண்ணை. லொறி வரப்போகுது. காஸில இண்டைக்கு என்ர முறை."

"காசா? என்ன காசு?"

"காசு இல்லை, காஸ். சேர்ந்து சாமான் வாங்கிற ஆக்கள்."

குருப்போ தி அக்விஸ்தோ சொலிதாலே என்பதன் முதலெழுத்துகள்தான் காஸ். தோழமைக் கொள்முதல் குழு என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த இரண்டு வாரமும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் 'காசு' என்றே விழுந்தது. அது முற்றிலும் தப்பில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

லாரி முக்கால் மணி நேரம் தாமதம். சிசிலியிலிருந்து ஒரு கடலையும் ஒரு தீபகற்பத்தின் முழு நீளத்தையும் தாண்டி வருகிற வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஒரு தாமதமா என்றார்கள். கூடத்தில் பதினைந்து பேர் இருந்தோம். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளை இறக்கினோம். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. ஊரில் கல்யாண வீட்டுக்குத் தேங்காய் இறக்கிய கை என்று இரண்டு பெட்டிகள் வரை பெருமையாக இருந்தது. மூன்றாவதில் விரல் விறைத்துப்போனது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் பட்டியலோடு நின்றார். பெயரை வாசிப்பார், பெட்டியில் சீட்டு ஒட்டப்படும். யாரும் பழத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை, அமுக்கிப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை. ஒருவருக்கு ஒரு பெட்டி குறைந்தது. இன்னொருவர் தன் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டார். ஒரு மணி நேரத்தில் கூடம் பெருக்கிப் பூட்டப்பட்டது.

முப்பதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள் கொண்ட குழு அது. கடை கிடையாது, சம்பள ஆள் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. 'ரெஃபரென்தே' என்கிறார்கள். ஆரஞ்சுக்கு அந்த ஆசிரியை, பாலாடைக்கட்டிக்கு ஒரு வங்கி ஊழியர், கோதுமை மாவுக்கு ஒரு தாதி. என் நண்பருக்குப் பாத்திரம் துலக்குகிற சோப்புத் திரவம். பொறுப்பாளரின் வேலை கேட்க எளிது: உற்பத்தி செய்பவரிடம் பேசி விலையை அறிந்துகொள்ள வேண்டும், எல்லாரும் எவ்வளவு வேண்டும் என்று எழுதக் கணினியில் ஒரு பட்டியலைத் திறந்துவைத்து, சொன்ன தேதியில் மூட வேண்டும், பணத்தைத் திரட்டி அனுப்ப வேண்டும், சரக்கு வருகிற அன்று நிற்க வேண்டும். ஒரு முறை செய்யலாம். மாதாமாதம், கூலி இல்லாமல், "எனக்கு இரண்டு கிலோ கூட்டிப் போட முடியுமா" என்று பட்டியல் மூடிய மறுநாள் கேட்கிற அயலாரோடு முகம் சுளிக்காமல் செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

விலை மலிவா என்று கேட்டேன். இந்தியனாகப் பிறந்துவிட்டு அதைக் கேட்காமல் எப்படி இருப்பது? ஆசிரியை யோசித்துச் சொன்னார். இயற்கை விளைபொருள் கடையோடு பார்த்தால் குறைவு. சூப்பர் மார்க்கெட்டில் வாரக் கடைசித் தள்ளுபடிக்குக் கிடைக்கும் ஆரஞ்சோடு பார்த்தால் கூடுதல். விலையைச் சொல்வது விளைவிக்கிறவர். அதோடு லாரி வாடகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். குழு தனக்கென ஒரு சென்ட்டும் மேலே வைக்கக் கூடாது. இது நல்லெண்ணம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 2007 டிசம்பரில் நிறைவேறிய இத்தாலிய நிதிச் சட்டம் இந்தக் குழுக்களுக்கு ஒரு வரையறை கொடுத்திருக்கிறது. லாபநோக்கு இல்லாமல், அறம், சமூகத் தோழமை, சுற்றுச்சூழல் ஆகியவற்றை முன்னிட்டுச் சேர்ந்து வாங்கி, மேல்விலை எதுவும் வைக்காமல் தங்கள் உறுப்பினர்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்பவர்கள் என்று. அப்படிச் செய்கிறவரை அது வியாபாரம் ஆகாது.

அன்று இரவு நண்பர் வீட்டில் ஒரு ஆரஞ்சை உரித்தேன். உள்ளே பீட்ரூட் வெட்டியதுபோல் சிவப்பு. அப்போதுதான், இந்தப் பழம் வந்த வழியிலேயே திரும்பிப் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வெனிஸ் பயணச்சீட்டை மறுநாளே ரத்து செய்தேன். மனைவிக்கு இதுவரை சொல்லவில்லை.

தெற்கே போகுமுன் வடக்கே ஒரு சின்ன வேலை இருந்தது. ரெஜியோவிலிருந்து மிலான் பக்கமாகப் போகிற பாசஞ்சர் ரயிலில், பார்மாவுக்கு அடுத்து ஃபிதென்ஸா. ரோமானியர் போட்ட எமிலியா சாலையில் உள்ள சிறுநகரம். ரோமுக்கு நடந்துபோன யாத்ரீகர்களின் பழைய பாதையும் இதன் வழியாகத்தான் செல்கிறது. அதன் பேராலய முகப்பில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்சிற்பங்கள் இருக்கின்றன. நான் வந்தது அவற்றுக்காக அல்ல. 1994இல் இத்தாலியின் முதல் காஸ் குழு இங்கேதான் கூடியது. சில குடும்பங்கள், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நாம் வாங்குகிற சாமானை யார் எப்படி உண்டாக்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டதில் ஆரம்பித்தது. பார்க்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசைக்கு யார் சின்னம் எழுப்புவார்கள்?

யார் எப்படி உண்டாக்குகிறார்கள் என்ற கேள்வி அப்போது காற்றிலேயே இருந்தது. முந்தைய ஆண்டுதான் வெனிஸ் பக்கத்தில் குடும்ப வரவுசெலவை நியாயத்தின் கண்கொண்டு எழுதிப் பார்க்கும் இயக்கம் ஒன்று தொடங்கியிருந்தது. பீசாவுக்கு அருகே பிரான்செஸ்கோ ஜெசுவால்தி என்பவர், எந்தக் கம்பெனி தொழிலாளியை எப்படி நடத்துகிறது என்று தேடித் தொகுத்துக்கொண்டிருந்தார். பார்பியானா என்ற மலைக்கிராமத்தில் தோன் மிலானி என்ற பாதிரியார் நடத்திய புகழ்பெற்ற பள்ளியின் மாணவர் அவர். 1997இல் குழுக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, வலைப்பின்னல் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. ஒரு குழு நல்ல அரிசி விளைவிப்பவரைக் கண்டுபிடித்தால் மற்றவர்களுக்கும் தகவல் போகும். பிறகு பெருகின. பெயர் பதிந்துகொண்டவை மட்டும் ஆயிரம் அளவுக்கு வந்தன. பதியாதவற்றுக்குக் கணக்கில்லை.

பெருகிய விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு குழு ஐம்பது குடும்பத்தைத் தாண்டினால், அது பெரிதாவதை விடப் பிரிவதையே விரும்புகிறது. வாழை கன்று விடுகிற மாதிரி, பக்கத்துத் தெருவில் இன்னொன்று முளைக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் 'கூட்டுறவைப் பாருங்கள்' என்று கை நீட்டுகிறார்கள். 1854இல் தூரின் நகரத் தொழிலாளர்கள் விலையேற்றத்தைச் சமாளிக்க ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை வைத்தார்கள். அந்த மரபில் வந்தவை இன்று நாடெங்கும் பரந்த சூப்பர் மார்க்கெட்டுகள். 1904இல் திருவல்லிக்கேணியில் ஆரம்பித்த நம் கூட்டுறவுச் சங்கத்தின் ஞாபகம் எனக்கு வந்தது. சின்ன வயதில் அங்கே மண்ணெண்ணெய் கேனோடு வரிசையில் நின்றிருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் எனக்கும் தோழமை என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை.

பாலாடைக்கட்டி பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது. போ நதிச் சமவெளியில் 2012 மே 20, 29 தேதிகளில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். பார்மிஜானோ கட்டி ஒவ்வொன்றும் நாற்பது கிலோ எடையுள்ள சக்கரம். ஐந்நூறு லிட்டருக்கு மேல் பால் அதற்குள் போயிருக்கும். குறைந்தது ஒரு வருஷம் முதிர வேண்டும். கிடங்கில் பத்துப் பதினைந்து அடுக்கு உயரத்துக்கு மரப்பலகைகளில் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கான சக்கரங்கள் சீட்டுக்கட்டு சரிவதுபோல் சரிந்தன. உடைந்த கட்டியை மேற்கொண்டு முதிரவைக்க முடியாது. உடனே விற்றாக வேண்டும். யாரிடம்? நண்பர் அந்த நாட்களைச் சொன்னார். மின்னஞ்சல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததாம். ஒவ்வொரு குழுவும் இத்தனை கிலோ எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியது. ஊர் தெரியாத குழுக்கள் வண்டி பிடித்து வந்தன. வேறு பலரும் வாங்கினார்கள். காஸ்காரர்கள் மட்டுமே அந்தத் தொழிலைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் அவர்களிடம் பட்டியல் போடுகிற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. துயரம் வந்தபோது புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

(இந்தக் கட்டிக்குப் பால் கறக்கிற கைகளில் பல, பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களுடையவை. ரெஜியோவுக்கு வடக்கே நொவெல்லாராவில் 2000ஆம் ஆண்டிலேயே பெரிய குருத்வாரா திறந்துவிட்டார்கள். இத்தாலியச் சமையலின் மானம் தலைப்பாகை கட்டியிருக்கிறது.)

சிசிலிக்குப் போகிற வழியில், தெற்கே ரொசார்னோ. கலாபிரியாவில், வரைபடத்தில் இத்தாலிக் காலணியின் முன்பாதத்தில் இருக்கிறது. இரவு ரயில் வடக்கின் மூடுபனியை எங்கோ உதிர்த்துவிட்டு, காலையில் என்னை வெயிலில் இறக்கிவிட்டது. சாலையின் இரு பக்கமும் பனை உயரத்துக்கு ஒலிவ மரங்கள். அப்புறம் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. பல தோட்டங்களில் பழம் பறிப்பாரின்றித் தரையில் கொட்டிக் கிடந்தது. சில இடங்களில் ஆரஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கிவிக் கொடி ஏற்றியிருந்தார்கள். தூரத்தில் ஜோயா தவுரோ துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கி மந்தை மாதிரி நின்றன. உலகத்துச் சரக்கெல்லாம் கப்பல் மாறுகிற இடம் அது.

பழம் ஏன் தரையில் கிடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாறு பிழியும் ஆலைகள் கிலோவுக்குச் சில சென்ட்தான் கொடுக்கும். பிரேசிலிலிருந்து இறுக்கிய சாறு பீப்பாயில் வந்துவிடுகிறது. முன்பு ஐரோப்பிய மானியம் ஆலைக்குக் கொடுத்த பழத்தின் எடையை வைத்து வந்தது. 2008க்குப் பின் நிலத்தின் பரப்பை வைத்து வரத் தொடங்கியது. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அதே பணம் என்றால் கூலி கொடுத்து எவன் பறிப்பான்? பறிப்பவன், கூலியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துத்தான் பறிப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர்களை நாளுக்கு இருபது, இருபத்தைந்து யூரோவுக்கு வண்டியில் ஏற்றிப் போக ஒரு இடைத்தரகர் இருந்தார். அவரைக் 'கப்பொராலே' என்கிறார்கள். அங்கே எனக்கு இதையெல்லாம் விளக்கிய இளைஞர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தேடித் தடுமாறினார். நான் தேவையில்லை என்றேன். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள்கட்டி அனுப்பிய ஊர்க்காரனுக்குக் கங்காணியை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

2010 ஜனவரியில், வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள்மீது யாரோ காற்றுத் துப்பாக்கியால் சுட்டார்கள். தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கார்கள் உடைந்தன. பதிலுக்கு ஊர்க்காரர்கள் தடியும் துப்பாக்கியுமாக வேட்டையாடினார்கள். முடிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களைப் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பியது அரசு. மரத்தில் பழம் அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் எஸ்ஓஎஸ் ரொசார்னோ என்ற அமைப்பு வந்தது. உள்ளூர்ச் சிறு விவசாயிகள் சிலரும் தொழிலாளர் உரிமைக்காக நின்றவர்களும் சேர்ந்தார்கள். இயற்கை முறையில் விளைந்த பழம், ஒப்பந்தமும் சட்டப்படியான கூலியும் கொடுத்துப் பறித்த பழம் என்று சொல்லி, வடக்கேயுள்ள காஸ் குழுக்களுக்கு நேரடியாக அனுப்பினார்கள். விவசாயிக்கு எவ்வளவு, பறிப்பவருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, சமூக வேலைகளுக்கு எவ்வளவு என்று விலையைப் பிரித்துக் காட்டினார்கள்.

தோட்டத்தில் காம்பியாவிலிருந்து வந்த ஓர் இளைஞனைச் சந்தித்தேன். அவனுக்கு ஆங்கிலம் வரும். ஏணியில் நின்றபடியே பேசினான். இழுத்துப் பிய்க்கக் கூடாது, காம்பைக் கத்தரியால் நறுக்க வேண்டும் என்று செய்து காட்டினான். கூலியைப் பற்றிக் கேட்டேன். அவன் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசினான். வேலை செய்த நாட்கள் அத்தனையும் அதில் இருக்கிறதாம். மற்ற இடங்களில் மாதம் முழுக்க வேலை வாங்கிவிட்டுச் சீட்டில் ஐந்தாறு நாள் மட்டும் எழுதுவார்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது அந்தச் சீட்டுதான் பேசும். வடக்கே மாதா கோவில் கூடத்தில் ஒட்டிய சீட்டுக்கும் இந்தச் சீட்டுக்கும் நடுவே ஒரு நூல் இருக்கிறது. அது மெல்லியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் கங்காணி முறைக்கு எதிராக இத்தாலி கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சான் ஃபெர்தினாந்தோவில், ஆயிரக்கணக்கானோர் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தீப்பிடித்து உயிர்கள் போயின. 2019இல் அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். காஸ் குழுக்கள் வாங்குகிற பழம் இந்தச் சமவெளியின் விளைச்சலில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் வராத மரங்களைப் பார்த்துக்கொண்டேதான் ரயிலடிக்குத் திரும்பினேன்.

வில்லா சான் ஜொவானியில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே கடல் தாண்டலாம். நான் மேல்தளத்துக்கு ஏறிப்போய், அரிசி உருண்டைக்குள் இறைச்சி வைத்துப் பொரித்த அரஞ்சீனோ ஒன்றைத் தின்றேன். 'சின்ன ஆரஞ்சு' என்று அர்த்தமாம். மெசினா நீரிணையை அந்தச் சின்ன ஆரஞ்சு முடிவதற்குள் கடந்துவிட்டோம்.

கத்தானியாவில் தெருவோரமெல்லாம் கறுப்பு மணல் குவித்திருந்தது. எத்னா எரிமலை முந்தின வாரம் தூவியது. பேருந்து தெற்கே லெந்தீனிப் பக்கம் போகப் போக, கறுப்பு எரிமலைக்கல் சுவர்களுக்குப் பின்னால் தோட்டங்கள். பின்னணியில் பனிமூடிய மலை. அந்த மலைதான் பழத்துக்குச் சாயம் போடுகிறது. பகலில் வெயில், இரவில் குளிர் என்று வெப்பம் ஏறி இறங்குவதால் சதைக்குள் சிவப்பு நிறமி ஊறுகிறது. மோரோ, தரோக்கோ, சங்குவினெல்லோ என்று மூன்று முக்கிய வகை. நான் உரித்தது தரோக்கோ.

சிசிலியின் கிழக்கில் காஸ் குழுக்களை நம்பியே வளர்ந்த கூட்டமைப்பு ஒன்று உண்டு. லே கல்லீனே ஃபெலீச்சி என்று பெயர். 'மகிழ்ச்சியான கோழிகள்' என்று பொருள். இயற்கை விவசாயிகள் சேர்ந்து ஒரே லாரியை நிரப்பி இத்தாலியின் வடக்குக்கும், இப்போது பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்புகிறார்கள். நான் போன தோட்டத்தின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் மகள் மொழிபெயர்த்தார். என்னை எத்தனை ஏக்கர், எத்தனை டன் என்று கேட்கவிடவில்லை. கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், "இதுதான் என் கிடங்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அதுவரை, காஸ் விவசாயிக்குக் கொடுப்பது இரண்டு காசு அதிக விலை என்றே நினைத்திருந்தேன். தரோக்கோ மரத்திலேயே வாரக்கணக்கில் இருக்கும். பட்டியல் மூடிய பிறகு, கேட்ட அளவு மட்டும் பறிக்கிறார். பறித்த பழம் விற்றாக வேண்டிய பழம். அதோடு மண்டிக்குப் போகிறவனிடம் வியாபாரி சொன்னதுதான் விலை. பறிக்காத பழத்துக்கு அந்தப் பயம் இல்லை. வியாபாரிக்குப் போட்ட காலத்தில், விட்டம் குறைந்தது, தோலில் தழும்பு, சிவப்பு போதாது என்று கழித்துக் கட்டியதே பாதி என்றார். பணம் எப்போது வரும் என்பதும் வியாபாரியின் விருப்பம். இப்போது பருவம் தொடங்குமுன்னே விலை பேசியாகிறது, பருவம் முடியும்வரை அது மாறுவதில்லை. சிறியதும் பெரியதும் கலந்தே பெட்டிக்குள் போகிறது. பழம் வடக்கே போய்ச் சேரும்போது பணம் வந்துவிடுகிறது.

தோட்டத்தின் ஒரு மூலையில் இடுப்பளவுக் கன்றுகள் நின்றன. த்ரிஸ்தேசா என்ற வைரஸ் 2002 வாக்கில் சிசிலிக்குள் வந்து, கசப்பு நாரத்தை வேரில் ஒட்டிய மரங்களைப் பட்டுப்போக வைத்தது. நோய் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப்போட்டு மறுபடி நடவேண்டியிருக்கிறது. காய்க்க நான்கைந்து வருஷம். அடுத்த ஐந்து வருஷம் யார் வாங்குவார்கள் என்று தெரியாதவன் கன்று நடமாட்டான். அவர் நட்டிருந்தார்.

எல்லாம் சரி, எது சரியில்லை என்று மகளிடம் கேட்டேன். அவர் அப்பாவைவிட வெளிப்படையாகப் பேசினார். குழுக்களில் பலருக்கு வயதாகிறது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் என்று ஒரே மாதிரி ஆட்கள்தான் வருகிறார்கள். இளையவர்கள் கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாசலுக்கு வரும் காய்கறிப் பெட்டிக்குப் பழகிவிட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டிலும் இயற்கை ஆரஞ்சு வந்துவிட்டது. சில குழுக்கள் மூடிவிட்டன. பழம் பிடிக்காமல் யாரும் போகவில்லை, பொறுப்பெடுக்க ஆள் இல்லாமல் போயின. அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையும் அவருடைய கயிறு கட்டிய கண்ணாடியும் என் கண்முன் வந்து போயின. அவருக்குப் பிறகு ஆரஞ்சு யார் பொறுப்பு?

கொட்டகையில் அடுத்த லாரிக்கான பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஊர்ப் பெயர் எழுதிய அட்டைகள்: பெர்காமோ, பதோவா, ரெஜியோ எமிலியா. கடைசி அட்டையைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள் எப்ப திரும்பி வாறியள்?"

சனிக்கிழமை என்றேன்.

"ஒரு நாள் முந்தி வரேலாதே? வெள்ளிக்கிழமை லொறி வருது. டீச்சருக்கு முழங்கால் ஏலாது. இறக்க ஆள் காணாது."